நோவறியாப் பாதம்

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, பழைய மாணவர் பலரும் செய்வதுபோல விடுதி வாழ்வின் இனிய நினைவுகளையே எழுதலாமென எண்ணினோம். ஆயின், அக்காலத்தில் எம்மோடு ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கிய நண்பர்கள் இன்று ஒன்றுகூடினால், பழைய ஆசிரியர்களைப் பற்றியும் உதைபந்தாட்டத்தைப் பற்றியும் பேசுவது சிறிது நேரமே; எஞ்சிய நேரமெல்லாம் சீனி வருத்தத்தைப் பற்றிய பேச்சாகவே கழிகின்றது. அப்பேச்சிலும் இரத்தத்திற் சீனி எவ்வளவு, எந்தக் குளிசை, எத்தனை வேளை என்பன வருகின்றனவேயன்றி, கால்களைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. அக்குறையை நோக்கியே நீரிழிவு நரம்புகளுக்கு விளைக்கும் கேட்டினை ஈண்டுப் பொருளாகக் கொண்டோம். கல்முனைக் கரையில் வாழ்ந்து எழுதுவோமாதலின், எடுத்துக்காட்டுகளும் அக்கரையிலிருந்தே வரும்.

எம் அயலிலே முதியவர் ஒருவர் உளர். வட்டையும் வயலும் பள்ளிவாசலுமாக வாழ்ந்தவர். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, சந்தியில் தேநீர் அருந்தி, நண்பரோடு நின்று உரையாடி, நடந்தே வீடு வந்தார். வாசலிற் செருப்பைக் கழற்ற முயன்றார். அது காலைவிட்டு அகலவில்லை. குனிந்து பார்த்த பேர்த்தி அலறிவிட்டாள். ஆணி ஒன்று இறப்பர்ச் செருப்பின் அடியைத் துளைத்துக்கொண்டு பாதத்தினுள் ஏறியிருந்தது. "மூத்தாப்பா, நோகல்லியா?" என்று அவள் கேட்க, "நோகல்ல மகள், அதுதான் புதினமாக்கிடக்கு" என்றார் அவர். அச்செய்தியை அவர் எமக்குச் சொன்னபோது அவரது முகத்தில் ஒருவகைப் பெருமிதமும் இருந்தது. தம் உடம்பின் உரம் அது என்று அவர் கருதினார். பதினான்கு ஆண்டுகளாக அவருக்கு நீரிழிவு.

நோவு இல்லை என்பதைச் சுகம் என்று கொள்வது மனித இயல்பு. வைத்தியரை நாடுவோரிற் பெரும்பாலோர் நோவினாலேயே நாடுகின்றனர். ஆனால் இந்நோயின் பொல்லாங்கு, நோவு என்னும் காவற்காரனையே முதலில் வீழ்த்திவிடுவதுதான். காவற்காரன் கூவவில்லை என்பதால் கள்வன் வரவில்லை என்று ஆகிவிடாது.

இந்நாட்டில் இந்நோயாளர் எத்துணையர்? 2005, 2006ஆம் ஆண்டுகளில், போர் காரணமாக வடக்குக் கிழக்கு நீங்கலாக ஏனைய ஏழு மாகாணங்களிலும் நடாத்தப்பெற்ற ஆய்வொன்று, 20 வயதைக் கடந்தோரிற் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் தமக்கு அந்நோய் உள்ளதென்பதை அதுவரை அறியாதிருந்தனர். நமது கரை அக்கணக்கிற் சேரவில்லை. எனினும், மூவேளையும் சோறோ பிட்டோ உண்டு, விருந்தென்றால் வட்டிலப்பத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கும் நாம், கணக்கிற் குறைந்து நிற்போம் என்று நம்புவதற்குக் காரணம் யாதும் எமக்குத் தோன்றவில்லை.

இனி, நரம்பு எவ்வாறு கெடுகின்றது என்பதைப் பார்ப்போம். பாதத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்பிழையின் உயிரணு, முதுகெலும்பை அடுத்து இருக்கின்றது. அவ்வணுவிலிருந்து புறப்படும் ஒரேயோர் இழை, மயிரினும் பன்மடங்கு நுண்ணியதாய், இடுப்பு, தொடை, முழங்கால், கணைக்கால் எல்லாவற்றையும் கடந்து பெருவிரல் நுனியைச் சென்று சேர்கின்றது. அதன் நீளம் ஏறத்தாழ ஒரு மீற்றர். அவ்விழை உயிர்வாழ்வதற்கு வேண்டிய பொருள்களெல்லாம் மேலேயுள்ள அணுவிற் செய்யப்பட்டு, இழையின் உள்ளேயே சிறுகச் சிறுகக் கீழே அனுப்பப்படுகின்றன.

வயற்செய்கை தெரிந்தவர்க்கு இதனை விளக்குவது எளிது. இங்கினியாகலையிற் பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கட்டிய சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து வாய்க்கால் வழியே வரும் நீர், நம் கரையோர வட்டைகளை வந்து சேர்வது கடைசியிலேதான். குளத்தில் நீர் குறைந்தாலும், வாய்க்காலிற் புல் அடைத்தாலும், இடையிலே எவரேனும் மடையைக் களவாகத் திறந்தாலும், முதலில் வாடுவது கடைமடை வயலே. தலைமடையில் உள்ளவனுக்கு வரட்சி வந்த செய்தியே தெரியாது. உடம்பிலே பாதவிரல்கள் கடைமடை. இரத்தத்திற் சீனி ஆண்டுக்கணக்கில் மிகுந்து நிற்பின், நரம்பணுக்களினுள்ளும் அது மிகுந்து வேண்டாத பொருள்களாக மாறுகின்றது. நரம்புக்கு உணவும் ஒட்சிசனும் ஊட்டும் நுண்குருதிக் குழாய்கள் தடித்துச் சுருங்குகின்றன. இரத்தக் கொழுப்பும் இரத்த அழுத்தமும் புகைத்தலும் இக்கேட்டுக்குத் துணைநிற்கின்றன. இழை எவ்வளவு நீளமோ, அது மடிவதும் அவ்வளவுக்கு முந்தும்.

ஆதலினாலேயே இந்நோய் இரு கால்களிலும் ஒரே சமயத்தில், விரல் நுனியில் தொடங்கி, காலுறை அணிந்ததுபோல மெல்ல மெல்ல மேலே ஏறுகின்றது. முழங்காலை அது நெருங்கும் காலத்திலேதான் கைவிரல் நுனிகளிலும் மதமதப்புத் தோன்றும். ஒரு காலில் மட்டும், அல்லது உடம்பில் ஒரு திட்டாக மட்டும் விறைப்பு உண்டானால், அது வேறு நோயாதல் கூடும். அதனை நீரிழிவின் தலையிற் கட்டிவிடலாகாது. கிழக்கிலே தொழுநோய் இன்றும் முற்றாக ஒழிந்துவிடவில்லை என்பதையும் மறக்கலாகாது.

தொடக்கத்தில் நோயாளர் கூறும் சொற்கள் பலவகையின: "கால் எரியுது", "ஊசி குத்துற மாதிரி", "எறும்பு ஊருது", "பஞ்சிலே மிதிக்கிற மாதிரி". இவை இரவிலே மிகும். போர்வை தொட்டாலும் பொறுக்கமாட்டாது காலை வெளியே நீட்டிக்கொண்டு உறக்கமின்றிக் கிடப்போர் உளர். இன்னும் பலருக்கு இவ்வெரிவு ஒருபொழுதும் தோன்றுவதில்லை; உணர்ச்சி ஓசையின்றியே விடைபெற்றுப் போய்விடுகின்றது. எரிந்த கால் சில ஆண்டுகளின்பின் எரிவு தணிந்து அமைதியுறின், நோய் குணமாயிற்று என மகிழ்வாரும் உளர். எரிவதற்கு நரம்பு எஞ்சியிருக்கவில்லை என்பதே பெரும்பாலும் உண்மை.

பழைய இந்திய வைத்தியர்கள் இதனைக் கண்டிராதவர்கள் அல்லர். சிறுநீர் இனிக்கும் நோயின் முற்குறிகளாகக் கைகால்களின் விறைப்பையும் எரிவையும் சரக சங்கிதை குறிப்பிடுகின்றது. எனினும், உணர்ச்சி இழந்த பாதம் ஏன் புண்ணாகின்றது என்பதற்குச் சரியான விடை மிகப் பிற்காலத்திலேயே கிடைத்தது. அவ்விடை கிடைத்த இடமோ நீரிழிவு நிலையமன்று. தமிழ்நாட்டில், வேலூரில், தொழுநோயாளரிடையே அது கிடைத்தது.

மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவிலே தொழுநோயாளருக்கென வைத்தியசாலை இருந்ததை நம்மவர் நன்கு அறிவர். வாவிக்கரையிற் சென்ற சிறுவர்களுக்கு அத்தீவைச் சுட்டிக்காட்டிப் பெரியவர்கள் கூறியது, அங்குள்ளோரின் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்ந்துவிடும் என்பது. உலகமும் அவ்வாறே நம்பியிருந்தது. 1914இற் கொல்லிமலையிற் பிறந்து, இலண்டனில் மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த அறுவை வைத்தியர் போல் பிரான்ட் அந்நம்பிக்கையை ஐயுற்றார். தொழுநோயாளச் சிறுவன் ஒருவன் துருவேறிய பூட்டைத் தன் விரல்களால் முறுக்கித் திறப்பதை அவர் கண்டார். பலம் வாய்ந்த தம்மால் அதனைத் திறக்க முடியவில்லை. சிறுவனின் விரலை நோக்கினால், தோலும் தசையும் கிழிந்து எலும்பு தெரிந்தது. அவனோ அதனை அறியவேயில்லை. நோயாளரின் விரல்கள் ஒருவாறு தாமே உதிரவில்லை. சூடான பாத்திரத்தையும் கூரிய கருவியையும் நோவின்றிப் பற்றிப் பற்றி, காயத்தின்மேற் காயம் பட்டு, அவை சிதைந்தன என்பதை அவர் படிப்படியாக நிறுவினார். இரவில் உறங்கும்போது எலிகள் வந்து உணர்வற்ற விரல்களைக் கடித்துச் சென்றதும் புலனாயிற்று. பின்னர் நோயாளருக்குப் பூனைகள் வழங்கப்பட்டன.

பாதப்புண்ணுக்கும் காரணம் இதுவே என அவர் கண்டார். நாம் நடக்கும்போது, நம்மை அறியாமலே, நொந்த இடத்திலிருந்து பாரத்தை மாற்றிவிடுகின்றோம். சிறு கல் புகுந்தால் நொண்டுகின்றோம். நோவறியாதவன் நொண்டுவதில்லை, அதே இடத்தில் அதே பாரத்தோடு ஆயிரம் அடி வைக்கின்றான். எனவே மருந்து பூசுவதைவிடப் பாரத்தை நீக்குவதே வைத்தியம் என்று கொண்டு, மாவுக்கட்டினாலும் மென்மையான நுண்குமிழ் இறப்பர்ப் பாதணியினாலும் அவரும் அவரோடு உழைத்தோரும் ஆண்டுக்கணக்காக ஆறாத புண்களை ஆற்றினர். பின்னர் 1960களில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்விலுக்குச் சென்ற அவர், அங்கே நீரிழிவு நோயாளரின் பாதங்களிலும் அதே புண்ணை, அதே இடங்களில், அதே காரணத்தினால் வந்ததாகக் கண்டார். சீனி மிகுந்த இரத்தத்தால் தசை கெட்டு அழுகுகின்றது என்று அதுவரை பலர் நம்பியிருந்தனர். இன்று உலகெங்கும் நீரிழிவுப் பாதத்துக்குச் செய்யப்படும் வைத்தியத்திற் பெரும்பகுதி இவ்வாறு தமிழ்நாட்டுத் தொழுநோயாளரின் பாதங்களிலிருந்து கற்றதாகும். (குருதியோட்டம் குறைந்த பாதம் வேறு; அதற்குரிய வைத்தியமும் வேறு. இரண்டும் ஒரே பாதத்தில் அமைந்துவிடின் நிலைமை கடிது.)

இவ்வரலாற்றை விரித்துரைத்ததற்குக் காரணம் உண்டு. பாதப்புண் விதியால் வருவதன்று, சீனியினால் மட்டும் வருவதுமன்று. காணப்படாத காயத்தினால் வருவது. நரம்பு செய்யாத வேலையைக் கண்ணும் கையும் செய்யவேண்டும். உணர்வற்ற பாதமுடையோர் நாளுக்கொருமுறை இரு பாதங்களையும் ஒளியிலே பார்த்தல் வேண்டும்: அடிப்பாதம், குதி, விரலிடுக்கு, நக ஓரம். குனிய இயலாதோர் நிலத்திற் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். கண்பார்வை குன்றியோருக்கு வீட்டிலுள்ளோர் பார்த்தல் வேண்டும். நீரிழிவு கண்ணையும் விட்டுவைப்பதில்லையாதலின் இது பலருக்கு வேண்டியதே.

நம் கரையிலுள்ள முஸ்லிம் நண்பர்களுக்கு இவ்விடயத்தில் ஒரு பேறு வாய்த்திருக்கின்றது. அவர்கள் நாளுக்கு ஐந்து வேளை தொழுகைக்கு முன் வுழூச் செய்கின்றனர். கணுக்கால்வரை கழுவி, விரலிடுக்குகளையும் விரலாற் கோதிவிடுகின்றனர். உலகின் எந்த வைத்தியரும் தம் நோயாளர் நாளுக்கு ஐந்து முறை பாதத்தைத் தொடுவர் என்று கனவிலும் எதிர்பாரார். அக்கழுவுதலோடு ஒரு பார்வையும், ஒரு துவட்டலும் சேர்ந்தாற் போதும். துவட்டாது ஈரத்தோடு விடப்படும் விரலிடுக்கிலே பங்கசு வளர்ந்து, தோல் வெடித்து, கிருமி புகுகின்றது. பள்ளிவாசலுக்குச் செல்லும்போது சட்டைப்பையிற் சிறு துணி ஒன்று இருப்பின் நன்று. ஏனைய தோலுக்கோ மறுதலை: வியர்வை நரம்புகளும் கெடுவதால் பாதம் வரண்டு குதி வெடிக்கும், அங்கே தேங்காயெண்ணெயோ களிம்போ தடவுதல் வேண்டும், விரலிடுக்கிலன்று.

மருதமுனையிலே நெசவாளர் தறியின் மிதிகட்டையை வெறுங்காலால் மிதிக்கின்றனர். கரைவலை இழுப்போர் வெயிலேறிய மணலில் நிற்கின்றனர். வட்டைக்குச் செல்வோர் வரம்பிலே வெறுங்காலோடு நடக்கின்றனர். இவர்களுக்குச் செருப்பணியுங்கள் என்று கூறுவது எளிது; சேற்றிலே செருப்பு நில்லாது என்பது எமக்கும் தெரியும். ஆயினும், வரம்புவரை செருப்போடு சென்று, சேற்றிலிருந்து ஏறியவுடன் கழுவிப் பார்க்கலாம். விரலிடுக்கிற் கவ்விப் பிடிக்கும் இறப்பர்ச் செருப்பு உணர்வற்ற காலுக்கு உகந்ததன்று. அது நழுவிப்போவதும் தெரியாது, உராய்வதும் தெரியாது. குதியிற் பட்டியுள்ளதும், விரல்களுக்கு அகன்ற இடமுள்ளதும், உள்ளே மென்மையானதுமான பாதணியே வேண்டும். புதுப் பாதணியை முதல் நாளிலேயே கலியாண வீட்டுக்கு அணிந்து செல்லலாகாது. அணியுமுன் உள்ளே கையை விட்டுத் தடவுதல் வேண்டும். கல்லும் ஆணியும் மட்டுமன்று, பேரப்பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களும் அங்கே குடியிருக்கும்.

வெந்நீர் ஒத்தடத்தால் வெந்துபோன பாதங்கள் பலவற்றை யாம் கண்டதுண்டு. கால் விறைக்கின்றதென்று அன்போடு மனைவியோ மகளோ கொதிநீர் கொண்டு வருவார். காலை வைத்தவருக்குச் சூடு தெரியாது. மறுநாள் தோல் கழன்றுவரும். நீரின் சூட்டை முழங்கையால் அறிதல் வேண்டும், காலால் அறியலாகாது. காய்ப்பைச் சவர அலகாற் சீவுவதும், ஆணிக்குக் கடையில் விற்கும் அமிலக் கட்டை ஒட்டுவதும் இத்தகையனவே. தடித்த காய்ப்பின் அடியிற் புண் ஒளிந்திருக்கும்.

சமய வழிபாட்டைப் பற்றியும் ஒரு சொல். ஹஜ்ஜுக்குச் செல்வோர் கூட்டத்திலே பாதணியைத் தொலைத்து, வெயிலிற் காய்ந்த தரையில் வெறுங்காலோடு நடந்து பாதம் வெந்து திரும்புவது அறியப்பட்ட செய்தி; சிறு பையொன்றிலிட்டுப் பாதணியைத் தம்மோடே வைத்திருப்பது தக்கது. நம் இந்து அன்பர்களும் இவ்வாபத்துக்கு விலக்கல்லர். உகந்தையிலிருந்து குமணைக் காட்டின் வழியே கதிர்காமத்துக்கு நடப்போரும், பாண்டிருப்புத் திரௌபதையம்மன் ஆலயத்திலே தீ மிதிப்போரும் நம்மிற் பலர். பத்தியைக் குறைகூற யாம் வரவில்லை. ஆனால் கதிர்காம வழியிற் செருப்பணிந்த அடியவனை முருகன் திருப்பி அனுப்பினான் என்று யாம் கேள்வியுற்றதில்லை. உணர்விழந்த பாதத்தோடு தீயில் இறங்குவதை எந்த வைத்தியரும் ஒப்பார்.

வைத்தியரிடம் செல்வோர் பாதணியைக் கழற்றிக் காட்டுதல் வேண்டும், கேட்கும்வரை காத்திருக்கலாகாது. சோதனை மிக எளிது. பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையொன்றாற் பாதத்தைத் தொடுவர். கண்ணை மூடிக்கொண்டு, தொட்டது தெரிகின்றதா எனக் கூறவேண்டும். இசைக்கவையை அதிரவிட்டுப் பெருவிரலில் வைப்பதும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறையேனும் இது செய்யப்படல் வேண்டும். கல்முனையில் அரசாங்கத்தின் பெரிய வைத்தியசாலைகள் இரண்டு உள. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களிலும் வைத்தியசாலைகள் உள. பணம் கேட்பாரில்லை. நாள் முழுதும் வரிசையில் இருக்கவேண்டியிருப்பதே குறை; அதனை மறுக்கமாட்டோம்.

மடிந்த நரம்பை உயிர்ப்பிக்கும் மருந்து இதுவரை இல்லை. நரம்புக்கு வலுவூட்டும் என்று கடைகளில் விற்கப்படும் குளிசைகளுக்குப் பணத்தை இறைப்போருக்கு இதனைச் சொல்லியாக வேண்டும். ஆனால் கேட்டினைத் தடுக்கலாம். 1993இல் வெளியான வட அமெரிக்க ஆய்வொன்று, இன்சுலினின்றி வாழ இயலாத வகையினரான 1,441 பேரிலே நடாத்தப்பெற்றது. சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியோரிடத்து நரம்புக்கேடு ஏறத்தாழ 60 வீதம் குறைந்தது. முதுமையில் வரும் வகையிலே பயன் அத்துணை பெரிதன்றெனினும் உண்டு. நெடுங்காலம் மெற்ஃபோமின் உட்கொள்வோருக்கு விற்றமின் பி12 குறைந்து அதுவும் நரம்பைக் கெடுத்தல் கூடும், இரத்தத்தைச் சோதித்தால் அறியலாம், அது திருத்தக்கூடியது. எரிவு உறக்கத்தைக் கெடுப்பின் அமிற்றிப்ரிலின், டுலொக்செற்றின், கபாபென்ரின், பிரீகபலின் போன்றவற்றை வைத்தியர் தேர்ந்து தருவர். இவை எரிவைத் தணிப்பனவேயன்றி நரம்பைத் திருத்துவன அல்ல. அயலவரின் குளிசையை இரவல் வாங்கி விழுங்குவதற்குரியனவும் அல்ல.

புண் கண்டால் அன்றே செல்லுக. ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றையதைவிடச் சூடாக இருப்பின், நோவு இல்லாவிடினும், காலை நிலத்தில் ஊன்றாது வைத்தியசாலை சேருக. உள்ளே எலும்புகள் நொருங்கிக்கொண்டிருத்தல் கூடும். பிரெஞ்சு வைத்தியர் சார்க்கோ உணர்விழந்த மூட்டுகள் சிதைவதை 1868இல் விவரித்தமையால் அவர் பெயரால் அது வழங்குகின்றது. சுளுக்கென்று எண்ணி எண்ணெய் தேய்த்து நடந்து, பாதத்தின் வளைவே சரிந்தோர் பலர்.

உள்ளுறுப்புகளை ஆளும் நரம்புகளும் இவ்வாறே கெடும். நிலத்தில் நெற்றி வைத்துத் தொழுது எழும்போது கண் இருண்டு தள்ளாடுதல், உணவு வயிற்றிலே தங்கி உப்புதல், சிறுநீர் முற்றாகக் கழியாமை, இல்லற வாழ்விற் குறை (நாணத்தால் வைத்தியரிடம் மறைக்கப்படுவது இதுவே), நோவில்லாத மாரடைப்பு என்பன அதன் குறிகள். நோன்பு காலத்தில் ஓர் ஆபத்து மிகுதி: சீனி மிகக் குறையும்போது வரும் வியர்வையும் நடுக்கமும் இவர்களுக்கு வாரா, முன்னறிவிப்பின்றி மயக்கமே வரும். ஆதலின் இன்சுலினோ சீனியை விரைந்து குறைக்கும் குளிசைகளோ எடுப்போர், றமழான் பிறை காண்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே வைத்தியரைக் கண்டு, நோற்கத் தகுமா, தகுமாயின் மருந்தை எவ்வாறு மாற்றுவது என்று கேட்டறிதல் வேண்டும்.

ஆணி தைத்த பெரியவர் இரண்டு மாதங்கள் பாதத்தை ஊன்றாதிருந்து, ஒரு விரலை இழந்து, எழுந்து நடமாடுகின்றார். வெள்ளை நூல் தைத்த பட்டிச் செருப்பொன்று அவருக்கென வந்திருக்கின்றது. பள்ளிவாசல் வாசலிலே அது மாறிப்போகாதிருக்க அவர் இட்ட அடையாளம் அந்நூல். மஃரிபுத் தொழுகையின்பின் வீட்டுத் திண்ணையில் அவர் காலை நீட்டுவார். பேர்த்தி கைவிளக்கோடு வந்து இரு பாதங்களையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். சென்ற வாரம் யாம் அங்குச் சென்றிருந்தபோது, "இடக்காலில சின்ன வெடிப்பு, மூத்தாப்பா" என்றாள். அவர் எம்மை நோக்கி, "இவள்தான் இப்ப என்ட நரம்பு" என்றார்.